கை நனைத்த கூடம்

தேரடித் தெருவிலிருந்து பிரிகிற சந்தில் மல்லாட்டை மண்டிக்காரர் மாளிகை என்று கேட்டால், இன்றைக்கு எந்த ஆட்டோக்காரரும் நேரே வாசலில் கொண்டுபோய் விடுவார். வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் வந்து தங்குகிற விடுதி அது. வாசலில் நீலச் சட்டையும் தொப்பியுமாக நிற்கிறானே, அவன்தான் சகாதேவன். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். எனக்குக் கொழுந்தன். அவன் பெண்டாட்டி தங்கம்மாள் அடி அண்ணாமலையில் பிறந்தவள். என் தாய்மாமன் கொழுந்தியாள் மகள். இரண்டு பக்கமும் எனக்கு ஜனம் என்பதால் இந்தக் கதை இரண்டு பக்கமிருந்தும் என் காதுக்கு வந்தது. கடைசிப் பாதியைக் கண்ணாலேயே பார்த்தேன்.

மாளிகை கட்டினவர்கள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரத்தில் சம்பாதித்தவர்கள். சகாதேவனுடைய நைனா சடையன் அவர்களுக்கு வண்டி ஓட்டினார். கிராமம் கிராமமாகப் போய் மூட்டை ஏற்றிக்கொண்டு வருவார். வியாபாரம் நொடித்தது, பிள்ளைகள் மெட்ராஸ் போனார்கள், பேரப்பிள்ளைகள் கடல் தாண்டினார்கள். பிள்ளைகளில் கடைசியாகக் கிளம்பினவர் கோதண்டராமன். அவர் சடையன் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்து, "பின்னாடி மாட்டுக்கொட்டாய்ல இருந்துக்கோ. முன்வாசலை மட்டும் திறக்காதே" என்றார்.

மாடுகள் போன கொட்டாயில் சடையன் மண்சுவர் எழுப்பிக் குடும்பத்தோடு இருந்தார். அவருக்குப் பின் சாவியும் கொட்டாயும் சகாதேவனுக்கு வந்தன. மாடு தின்ற தொட்டிமேல் பலகை போட்டுக் கட்டிலாக்கிக்கொண்டான். பகலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் ரூம் பெருக்குவான். வந்ததும் மாளிகையைச் சுற்றி வருவான். ஓடு உடைந்தால் மாற்றுவான், சுவரில் அரசங்கன்று முளைத்தால் எட்டின மட்டும் பிடுங்குவான், தூண் திருட வந்தவர்களைக் கத்தித் துரத்துவான். முன்வாசலைத் திறந்ததே இல்லை. மகள் வினோதினியைப் பெண் பார்க்க வரும்வரைக்கும்.

அன்றைக்கு நான் ஊரில் இல்லை, மகள் பிரசவத்துக்காகச் சேத்துப்பட்டு போயிருந்தேன். தங்கம்மாள் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

தரகர் கொண்டுவந்த இடம் போளூர் பக்கத்துக் கிராமம். பையன் சக்திவேல், செய்யாறு பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அப்பா முருகவேல் நிலபுலமும் நெல் வியாபாரமுமாக இருக்கிறவர். அவர்கள் வருகிற நாளுக்கு முன்னால் பிடித்த மழை விடவில்லை. கொட்டாய்க்குள் கணுக்கால் தண்ணீர்.

"இந்தச் சேத்துலயா மாப்ள ஊட்டுக்காரங்கள உக்கார வெக்கறது? முன்கூடத்தத் தொறய்யா" என்றாள் தங்கம்மாள்.

"ஐயா தொறக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீறாரு."

"ஐயா மெட்ராஸ்ல கீறாரு. மழ இங்க பேயுது."

திறந்தான். புறா எச்சத்தைச் சுரண்டிக் கழுவினார்கள். நிலைப்படியில் ஆணி அடித்து மாவிலை கட்டினார்கள். தூண்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். வந்தவர்கள் நனையாமல் உட்கார ஒரு இடம். அவ்வளவுதான் அப்போது அவர்கள் மனசில் இருந்தது.

முருகவேல் செருப்பை விட்டு உள்ளே வந்ததும் தலையை அண்ணாந்தவர் இறக்கவே இல்லையாம்.

"பர்மா தேக்கா?"

"ஆமாங்க."

"தாத்தா காலத்துதா?"

"அந்தக் காலத்துதுங்க."

"இப்ப எவன் கட்டுவான் இந்த மாதிரி!"

"கட்ட முடியாதுங்க."

எல்லாம் நிஜமான பதில். ஒரு பொய்கூட இல்லை. யாருடைய தாத்தா என்று அவர் கேட்கவில்லை, இவன் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெண் பார்க்க வருகிறவர்கள் கேசரி, மிக்சர், காபியோடு எழுந்துவிடுவார்கள். சோறு தொட மாட்டார்கள். ஊருக்குப் போய், இங்கே நாலு பேரிடம் குடும்பம் எப்படி என்று விசாரித்து, மனசுக்குச் சரியென்று பட்டால்தான் இன்னொரு நாள் வந்து பெண் வீட்டில் சாப்பிடுவார்கள். கை நனைக்கிறது என்று அதற்குப் பேர். கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது. அதற்குப் பிறகு யார் பின்வாங்கினாலும் தின்ற சோற்றுக்குத் துரோகம்.

காபி டம்ளரை வைத்துவிட்டு முருகவேல் கேட்டார். "சமையல் ஆயிடுச்சாம்மா?"

தங்கம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ரசமும் கத்திரிக்கா கொழம்புந்தாங்க. எங்க ஜனங்களுக்குன்னு வெச்சது."

"அதையே போடு. கை நனைச்சுட்டே போயிடறோம்."

அவர் சம்சாரம் சந்திரகலா அவர் கையைக் கிள்ளினாள். "ஒரு வார்த்த விசாரிக்காமயா?"

"இன்னாத்த விசாரிக்கறது? தூணப் பாரு."

தங்கம்மாள் சோறு எடுக்கக் கொல்லைப்பக்கம் ஓடினாள். சகாதேவன் பின்னாலேயே வந்தான். கொட்டாய்த் தண்ணீரில் நின்றுகொண்டு, "சொல்லிடட்டுமாம்மே? நாம காவக்காரங்கன்னு சொல்லிடட்டுமா?" என்றான்.

"எல போட்டாச்சு. எலயில உக்காந்தவங்கள எழுப்புவியா? சாப்ட்டு முடிக்கட்டும், அப்பால சொல்லு."

சாப்பிட்டு முடித்தார்கள். வெற்றிலைத்தட்டு கைமாறியது. பூ வைத்துவிட்டார்கள். பின்கதவுக்குப் பின்னால் பட்டுப்புடவையில் நின்ற வினோதினி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

கல்யாணம் மண்டபத்தில் நடந்தது. மறுவீட்டுக்கு மறுபடியும் கூடத்தைத் திறந்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தத் தூண்களுக்கு நடுவில்தான் விருந்து சாப்பிட்டார்கள். போகும்போது முருகவேல், "அடுத்த பௌர்ணமிக்கு ஜனங்களக் கூட்டிகினு கிரிவலத்துக்கு வரேன் சம்பந்தி. நம்ம மாளிகையிலதான் தங்கல்" என்றார்.

அங்கேதான் முதல் பொய் பிறந்தது. போன் போட்டு, "பங்காளிங்க கேஸு போட்டுட்டாங்க சம்பந்தி. கோர்ட்டுல முன்வாசலப் பூட்டச் சொல்லிட்டாங்க" என்றான் சகாதேவன்.

ஒரு பொய்யோடு விட்டால்தானே. பௌர்ணமிக்கு அவர்கள் வந்தார்கள். இவன் ராஜகோபுரத்துக்கு எதிரில் காத்திருந்து, அங்கிருந்தே ஓட்டலுக்குக் கூட்டிப்போய் இட்லி வாங்கிக் கொடுத்து, அங்கிருந்தே மலை சுற்ற அனுப்பினான். கேஸ் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். வாய்தா என்றான். அடுத்த தடவை வக்கீலுக்கு உடம்பு சரியில்லை. அதற்கடுத்த தடவை ஜட்ஜ் மாற்றலாகிவிட்டார். முருகவேல் தனக்குத் தெரிந்த நல்ல வக்கீல் வேலூரில் இருக்கிறார் என்றார். "பரவால்லீங்க சம்பந்தி, நம்ம வக்கீலே கெட்டிக்காரரு" என்று இவன் இல்லாத வக்கீலுக்கு நற்சான்று கொடுத்தான். கோர்ட்டுப் படியை மிதித்தறியாதவன் எங்கள் சொந்தத்தில் கேஸ் விவரம் ஜாஸ்தி தெரிந்தவனாகிவிட்டான். மாப்பிள்ளை சக்திவேல் மட்டும் அக்கறையாகக் கேட்பான். "அப்படீங்களா மாமா? அடுத்த வாய்தா எப்ப?"

அங்கே கிராமத்தில் சந்திரகலா, "எங்க மருமவ மாளிகையில பொறந்தவ" என்று குழாயடியில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தாள். வினோதினிக்கு அங்கே ராஜமரியாதை. அதுதான் பயமே. அவள் தாய் வீட்டுக்கு வந்தால், "அம்மா, ஊட்டப் பத்தி யாராவது பேச்செடுத்தா நான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போயிடறேம்மா" என்பாள். என்றைக்காவது உடைந்தால் பெண் அங்கே தலைநிமிர்ந்து வாழ முடியுமா, திருப்பி அனுப்பிவிடுவார்களா? சகாதேவனுக்கு இந்த ஒரு கவலையைத் தவிர வேறு நினைப்பு இல்லாமல் போனது. லாட்ஜில் படுக்கை உறை மாற்றும்போதுகூட அடுத்த வாய்தாவுக்கு என்ன சொல்வது என்று யோசிப்பானாம்.

அப்படி இருக்கும்போதுதான் கோதண்டராமன் வந்தார். வயதாகிக் கைத்தடி பிடித்திருந்தார். கூடவே ஆர்த்தி என்று ஒரு இன்ஜினியர் பெண். ஒரு கம்பெனிக்கு மாளிகையைக் குத்தகைக்குக் கொடுத்தாயிற்று, இடிக்காமல் பழையபடியே செப்பனிட்டு விடுதியாக்கப்போகிறோம் என்றார்கள். சகாதேவன் சாவியோடு முன்னால் நடந்தான். ஆர்த்தி நிலைப்படியைத் தடவிப் பார்த்து, "இதுல யாரு ஆணி அடிச்சது? தூண்ல குங்குமம் வேற" என்றாள்.

சகாதேவன் சாவிக்கொத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "எம் மவளப் பொண்ணு பாக்க வந்தாங்க. மழைங்க. தொறந்துட்டேங்க ஐயா."

கோதண்டராமன் சிரித்தார். "சடையன் பேத்தியா? நல்ல காரியந்தானேடா நடந்திருக்கு. போகட்டும்."

கோபப்பட வேண்டியவர் இவ்வளவு லேசாக விட்டதும் இவனுக்கு அழுகையே வந்துவிட்டது என்று தங்கம்மாள் சொன்னாள். இந்த மனிதரிடம் சொல்வது இவ்வளவு சுலபமாக இருந்ததே, சம்பந்தியிடம் ஏன் வாய் வரவில்லை?

மராமத்து வேலை வருஷக்கணக்கில் நடந்தது. சுவரைப் பிளந்த அரசமர வேரை அறுத்து எடுத்தார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு அரைத்தார்கள்; அந்தப் புளித்த வாசனை தேரடித் தெரு வரைக்கும் வந்தது. மக்கின உத்திரங்களை மட்டும் மாற்றி, நல்லதை எண்ணெய் போட்டுத் துடைத்தார்கள். முன்கூடம் விருந்தாளிகள் சாப்பிடுகிற இடம் என்று ஆனது. மாட்டுக்கொட்டாயை இடித்துச் சமையல்கட்டு கட்டினார்கள். சகாதேவனை அனுப்பவில்லை. வாசல் காவலுக்கு அவனையே வைத்து, கேட்டை ஒட்டி ஒரு அறையும் கதவு வைத்த குளியலறையும் கட்டிக்கொடுத்தார்கள். தங்கம்மாளுக்கு அவள் ஆயுசில் கிடைத்த முதல் குளியலறை அது.

கொட்டாயை இடிக்கும் முன்னால் ஆர்த்தி ஒரு போட்டோ எடுத்திருந்தாள். கயிற்றில் ஈரப்புடவை காய்கிறது, தங்கம்மாள் குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கிறாள், சகாதேவன் விளக்குமாறும் கையுமாக நிற்கிறான். அதைக் கதவளவு பெரிதாக்கிக் கூடத்தில் முதல் தூணுக்குப் பக்கத்தில் மாட்டினாள். கீழே எழுத்து: "ஆளில்லாத காலத்தில் இந்த வீட்டைக் காத்தவர்கள். காவலர் சகாதேவன், அவர் மனைவி தங்கம்மாள்."

"அத மாட்டாதம்மா" என்று கெஞ்சினான் இவன்.

"ஏங்கய்யா? நீங்க இல்லன்னா தூண் ஒவ்வொண்ணா வித்துட்டுப் போயிருப்பாங்க. வர்றவங்க உங்களத்தான் முதல்ல பார்க்கணும்."

"அதுல பொடவ காயுதும்மா."

"காயட்டுமே. அழகாத்தான் இருக்கு."

"எனக்கு அசிங்கமா கீதும்மா."

"ஏழையா இருக்கறதுல என்னங்கய்யா அசிங்கம்?" என்றாள் அந்தப் பெண். நல்ல பெண்தான். இவன் அசிங்கம் வேறு என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

சம்பந்தி வந்தால்தானே பார்ப்பார் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். ஆனால் யாரோ மாளிகையை வீடியோ எடுத்துப் போட, அது போன் போனாகச் சுற்றி முருகவேல் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவரிடமிருந்து போன்.

"கேஸு ஜெயிச்சுட்டீங்களா சம்பந்தி! ஒரு வார்த்த சொல்லல பாத்தீங்களா!"

"அது வந்துங்க சம்பந்தி..."

"ஒண்ணும் பேசாதீங்க. திறப்பு விழாவுக்கு வரிசத் தட்டோட வரோம். நாங்க வராம வேற யாரு வரது?"

போனை வைத்துவிட்டுச் சகாதேவன் ஒரு முடிவு எடுத்தான். நேரில் போய்ச் சொல்லிவிடுவது. காலையில் போளூர் பஸ் ஏறினவன் பொழுது சாயத் திரும்பினான்.

"சொன்னியாய்யா?" என்றாள் தங்கம்மாள்.

"கோழி அடிச்சுட்டாங்கம்மே."

"அதுக்கு?"

"போனதும் போகாததுமா கோழி அடிச்சுட்டாங்க. எலயில உக்காந்துகினு எப்படிச் சொல்றது?"

"சாப்ட்டு முடிச்சப்பறம் சொல்லக் கூடாதா?"

கேட்டுவிட்டு அவளே வாயை மூடிக்கொண்டாளாம். அந்த வார்த்தையை அவள் முன்னாலும் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள் அல்லவா.

விழா அன்று காலையில் நான் போயிருந்தேன். வாழைமரம், நாதஸ்வரம், சந்து முழுக்கக் கார். மேனேஜர் முபின் சின்ன வயசுப் பையன், ஓடிக்கொண்டே இருந்தான். சகாதேவன் அவன் பின்னால் ஓடினான்.

"தம்பி, இன்னிக்கு மட்டும் உள்ள வேல எதனா குடேன். பாத்திரம் வேணா கழுவறேன்."

"சகாதேவண்ணே, இன்னிக்குத்தாண்ணே வாசல்ல ஆள் வேணும். பெரிய ஆளுங்கல்லாம் வராங்க. தொப்பிய நேரா போடு."

சட்டை புதுசு, கஞ்சி போட்ட விறைப்பு. நெஞ்சில் செக்யூரிட்டி என்று வில்லை. தொப்பி ஒரு அளவு பெரிதாகி விட்டது. அதைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான். கேட்டுக்கு உள்பக்கம் நானும் தங்கம்மாளும். அவள் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

போளூர் வேன் வந்தது. முன்சீட்டிலிருந்து முருகவேல் தலையை நீட்டினார். கண் மாளிகை உச்சியில் இருந்தது.

"ஏம்பா வாச்மேன், வண்டிய எங்க உடறது?"

சகாதேவன் குனிந்த தலையோடு கையை மட்டும் காட்டினான்.

"வாயில இன்னா, கொழக்கட்டையா?" என்றார் அவர். வேனில் இருந்த ஜனங்கள் சிரித்தார்கள்.

இறங்கினார்கள். முருகவேல் வெள்ளை வேட்டி. சந்திரகலா கையில் தட்டு, தட்டில் பட்டுவேட்டி, புடவை, பழம். பின்னால் சக்திவேல். கடைசியாகக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வினோதினி. அவள் பார்த்தாள். தொப்பிக்குக் கீழே இருந்த முகத்தை ஒரே பார்வையில் தெரிந்துகொண்டாள். தலையைக் குனிந்துகொண்டு அவனைத் தாண்டிப் போனாள். அவள் புடவை ஓரம் அவன் பூட்சில் பட்டது. சகாதேவன் ஒரு அடி ஒதுங்கி வழிவிட்டான், வருகிறவர்கள் எல்லாருக்கும் விடுகிற மாதிரியே. பெற்ற பெண்ணுக்கு. தங்கம்மாள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

படியில் கால் வைக்கும்போது சந்திரகலா திரும்பினாள். "இன்னாடி இது, உங்கப்பன் வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்ட வேணாம்? கேஸு ஜெயிச்சதும் பெரிய மனுசன் ஆயிட்டாரா?"

வினோதினி நின்றாள். பிறகு திரும்பி வந்து அவன் பக்கத்தில் நின்று, "கூப்பிடத்தான் நிக்கறாரு அத்தை. இவருதான்" என்றாள்.

சகாதேவன் தொப்பியைக் கழற்றினான். வேர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. "வாங்க சம்பந்தி" என்றான். குரல் வெளியே வந்ததா என்றே எனக்குச் சந்தேகம்.

முருகவேல் சட்டையைப் பார்த்தார், வில்லையைப் பார்த்தார், பூட்சைப் பார்த்தார். "இன்னா வேஷம் இது?"

"வேஷம் இல்லீங்க. வேலைங்க."

நாதஸ்வரக்காரர்கள் ஊதிக்கொண்டிருந்தார்கள். சிரித்த ஜனங்கள் இப்போது ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். இந்த நேரம் பார்த்து ஆர்த்தி ஓடி வந்தாள். "ஐயாவோட சம்பந்தியா? வாங்க வாங்க! ஐயா படத்த முதல்ல பாருங்க" என்று முருகவேலைக் கூடத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம்; வேறு என்ன செய்வது?

படத்துக்கு முன்னால் நின்று அவர் அடியில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். காய்கிற புடவையைப் பார்த்தார்.

"இதுவா ஊடு?"

"அதுதாங்க. இப்ப இடிச்சுட்டாங்க" என்றான் சகாதேவன்.

முருகவேல் பக்கத்துத் தூணில் கை வைத்தார். "இங்கதான எல போட்டீங்க?"

"ஆமாங்க."

"ஜட்ஜு, வக்கீலு, எல்லாம்?"

சகாதேவன் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சம்பந்தி."

தங்கம்மாள்தான் கேட்டாள். "சொல்லியிருந்தா கை நனைச்சிருப்பீங்களா?"

முருகவேல் தூணிலிருந்து கையை எடுத்தார். "மாட்டேன்" என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், "தூணப் பாத்துதான் சோறு கேட்டேன்" என்றார்.

"விசாரிக்கலாம்னு சொன்னேனே!" என்று சந்திரகலா வெடித்தாள். "தூணப் பாருன்னியே, இப்பப் பாரு நல்லா! ஊரெல்லாம் எம் மருமவ மாளிகைக்காரின்னு சொல்லிக்கீறேன். எந்த மூஞ்சிய வெச்சிகினு தெருவுல நடப்பேன்? பொண்ண இங்கயே உட்டுட்டு வண்டிய எடு."

தங்கம்மாள் கீழே உட்கார்ந்துவிட்டாள். வினோதினி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். சகாதேவன் பயந்த வார்த்தை, இத்தனை வருஷம் வாய்தா சொல்லித் தள்ளிப்போட்ட வார்த்தை, கடைசியில் அந்தக் கூடத்திலேயே வந்து விழுந்தது.

"அம்மா, சும்மா இரு" என்றான் சக்திவேல். "எனக்குத் தெரியும்."

"இன்னாடா தெரியும்?"

"மறுவூட்டுக்கு வந்தப்பவே தெரியும். கை கழுவக் கொல்லப்பக்கம் போனேன். கொட்டாய்ல இவ ஸ்கூல் போட்டோ மாட்டியிருந்துது. கேட்டேன், அழுதுகினே சொன்னா. யாருகிட்டயும் மூச்சு உடாதன்னு நாந்தான் சொன்னேன்."

"ஏண்டா சொல்லல?" என்றார் முருகவேல்.

"நீ அதுக்குள்ள சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் சொல்லிட்ட நைனா. உனக்கு அவமானம்னு உட்டுட்டேன். அவ எம் பொண்டாட்டி. அவ எங்க ஊட்டுக்குத்தான் வருவா."

நல்ல வார்த்தைதான். பெண் பிழைத்தாள். தங்கம்மாள் மூச்சு விட்டாள், நானும் விட்டேன். சகாதேவனைத் திரும்பிப் பார்த்தால் அவன் முகம் முன்னைவிடக் கேவலமாக இருந்தது. ஏன் என்று எனக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் புரிந்தது. மாப்பிள்ளைக்குத் தெரியும். ஓட்டல் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து இவன் ஜட்ஜை மாற்றினபோது தெரியும். வக்கீலுக்குக் காய்ச்சல் வரவைத்தபோது தெரியும். "அடுத்த வாய்தா எப்ப மாமா?" என்று கேட்டவன் எல்லாம் தெரிந்தேதான் கேட்டிருக்கிறான், பெண்டாட்டியின் அப்பன் மானம் போகாமல் இருக்க. இவன் காப்பாற்றிக்கொண்டிருந்ததாக நினைத்த பொய்யை இத்தனை நாளும் அவன்தான் தாங்கிப் பிடித்திருக்கிறான்.

"மாப்ளே" என்று ஆரம்பித்தான் சகாதேவன்.

"உடுங்க மாமா" என்றான் சக்திவேல்.

விருந்துக்கு அவர்கள் உட்காரவில்லை. வரிசைத் தட்டு வந்த வேனிலேயே திரும்பிப் போனது. சந்திரகலா யாரிடமும் முகம் கொடுக்காமல் ஏறினாள். வினோதினி ஜன்னலோரம் உட்கார்ந்து, "வரேம்பா" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். அந்தச் சமயம் பார்த்துப் பெரிய கார் ஒன்று சந்தில் நுழைய, முபின் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். சகாதேவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கு ஓடினான்.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. தங்க வருகிறவர்கள் மாளிகையை அண்ணாந்து பார்த்து, "எவ்வளவு அழகான வீடு" என்று ஆரம்பித்தாலே போதும், அவர்கள் முடிக்கும் முன்னால், "நான் வாச்மேனுங்க, எங்களுது இல்லீங்க" என்பான். கேட்காதவர்களிடமும் சொல்வான். பெட்டியைத் தூக்கும்போதும் சொல்வான். படத்தில் இருப்பது நீங்கள்தானே என்று யாராவது கேட்டால் மட்டும் தலையாட்டிவிட்டு வெளியே போய்விடுவான். "இன்னாத்துக்குடா எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீற?" என்று ஒரு நாள் கேட்டேன். "முன்னாடியே சொல்லிட்டா நல்லதுங்க அண்ணி" என்றான்.

போன மாசம் முருகவேல் வந்தார். குழந்தை கீர்த்தனாவுக்குக் காதுகுத்து. வினோதினிக்குக் கூடப்பிறந்தவன் இல்லாததால் என் மகன்தான் மாமன் முறை, அவன் மடியில்தான் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். அதைப் பேச என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். முருகவேல் கேட்டுப் பக்கத்து அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மாளிகைப் பக்கம் திரும்பவில்லை. பத்திரிகையை எடுத்து நீட்டினார். சகாதேவன் உட்காராமல் நின்றபடி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். சந்திரகலாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை, ஆனால் பெண்ணை ஒன்றும் சொல்வதில்லை என்றார். மழை, நெல் விலை என்று கொஞ்சம் பேச்சு ஓடியது.

தங்கம்மாள் விடிந்ததிலிருந்து சமைத்திருந்தாள். இலை அறுத்து, கழுவி, துடைத்துத் தயாராக வைத்திருந்தாள். சொந்த அறை, சொந்த அடுப்பு, சொந்தச் சோறு. இந்தத் தடவை ஒளிக்க ஒன்றும் இல்லை.

"சாப்ட்டுப் போங்க சம்பந்தி" என்றாள்.

முருகவேல் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "இன்னிக்குக் கிருத்திகைம்மா. நான் விரதம். தண்ணி மட்டும் குடு."

கிருத்திகை போன வாரமே முடிந்துவிட்டது. இந்த ஊரில் அது தெரியாதவர் யார்? தங்கம்மாள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

சகாதேவன் சொம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தான். "ஆமாங்க சம்பந்தி, கிருத்திகைதான்" என்றான். "விரதத்த உடக் கூடாது."

அவர் தண்ணீரைக் குடித்தார். இவன் போய்க் கேட்டைத் திறந்துவிட்டான்.